டிஸ்க் மேனேஜ்மென்ட்: காசில்லாமல் ஒரு டி டிரைவ்

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் 512 ஜிபி என்று வாங்கினேன்; விண்டோஸ் கணக்கில் அது 476. அத்தனையும் ஒரே சி டிரைவ். விண்டோஸ் படுத்தால் பத்திரிகை டிசைன், எழுத்துரு எல்லாம் சேர்ந்து போகும். சி-யைப் பிரித்து டி என்று தனி டிரைவ் போட, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். "மொத்தமா ஃபார்மட் அடிச்சுப் பிரிச்சுத் தரேன்க்கா, எழுநூறு ஆகும்" என்றார் ஒரு தம்பி. முகூர்த்த சீசனில் ஃபார்மட்டா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விண்டோஸ் சாவியோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில், டிரைவைப் பிரிக்க விண்டோஸே தரும் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கிறது. டிரைவைச் சுருக்கும் வசதி 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்தே உண்டாம். இத்தனை வருடம் கண்ணில் படவில்லை! சி மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம் (டிரைவைச் சுருக்கு). முந்நூறு ஜிபிக்கு மேல் காலி இருக்க, 41 ஆயிரத்துச் சொச்சம் எம்பிதான் (சுமார் 40 ஜிபி) தருவேன் என்றது. காரணம், நகர்த்த முடியாத ஃபைல்கள். ஹைபர்னேஷன் (திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைவது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடம்), சிஸ்டம் ரீஸ்டோர் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருக்கும் பதிவு) மூன்றின் ஃபைல்களும் டிரைவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டிச் சுருக்காது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' கொடுத்தேன் (ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்). மற்ற இரண்டையும் செட்டிங்கில் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது தாராளமாகக் கொடுத்தது. வேலை முடிந்ததும் மூன்றையும் மறுபடி ஆன் செய்துவிட்டேன்.

அடுத்த கூத்து என்னுடையது. 150 ஜிபி வேண்டும் என்று 150000 அடித்தேன். சுருக்கிக் கிடைத்த காலி இடத்தில் டி-யை உருவாக்கினால், பிறந்தது 146.48 ஜிபி. ஒரு ஜிபிக்கு 1024 எம்பி, ஆக 153600 அடித்திருக்க வேண்டும். சரி, மிச்சம் 3600 எம்பியையும் சி-யிலிருந்து எடுத்து டி-யோடு ஒட்டிவிடலாம் என்று பார்த்தால், டிரைவைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் அழுத்த முடியாமல் மங்கிப்போய்க் கிடக்கிறது. இந்தக் கருவிக்கு வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காலி இடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சி-யைச் சுருக்கினால் இடம் டி-க்கு இடப்பக்கம் அல்லவா விழுகிறது! டி-யை அழித்து மறுபடி உருவாக்கினேன். நல்லவேளை, உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை. விண்டோஸின் வழக்கமான ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட் இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

இந்தக் கருவிக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுப்பேன். ஏன் இவ்வளவுதான் சுருக்க முடியும், ஏன் அந்தப் பட்டன் மங்கியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் நாலரை. இன்னொன்று, டி டிரைவை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். சி, டி இரண்டும் இருப்பது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரே எஸ்எஸ்டி டிஸ்கில்தான், அது போனால் இரண்டும் போகும். ஆரம்பிக்கும் முன்பே கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மூன்று ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.