லோயரிங் கிட் என்று சொல்லி வெட்டிய ஸ்பிரிங்கை மாட்டுகிறார்கள், ஜாக்கிரதை

தினமும் வேலைக்குப் போய்வர ஓடுகிற ஒரு குடும்பக் கார். வண்டியின் உயரத்தை 30 மில்லிமீட்டர் இறக்கும் லோயரிங் ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான நான்கு புது ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்), மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 'முழு கிட்' என்று ஒரு கடையில் பணம் வாங்கிக்கொண்டார்கள். வண்டி வெளியே வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளிலேயே வேகத்தடையில் முன்பக்கம் 'டொக்' என்று இடித்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம். முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் மழுமழுவென்று தேய்ந்துவிட்டது. போய்க் கேட்டதற்கு, "லோயர் பண்ணினா அப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படி இருக்காது. சரியாகத் தேர்ந்து சரியாக மாட்டிய 30 மில்லிமீட்டர் இறக்கம் சத்தம் போடாது, டயரைத் தின்னாது. அந்த வண்டியை வேறிடத்தில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்ததை அப்படியே எழுதுகிறோம். இதே வேலையைப் பலரிடமும் செய்கிறார்கள்.

முதலில் ஸ்பிரிங். பளிச்சென்ற சிவப்புப் பெயின்ட். நகத்தால் கொஞ்சம் சுரண்டியதும் அடியில் கறுப்புக் கோட்டிங் தெரிந்தது. அதன் மேலேயே, கம்பெனியில் ஸ்பிரிங்கைத் தரம்பிரிக்க வைக்கும் நிறப்புள்ளிகளும் இருந்தன. அதாவது வண்டியோடு வந்த அதே பழைய ஸ்பிரிங். கடைசிச் சுற்றின் முனையில் கிரைண்டர் போட்ட தட்டையான வெட்டு, அதை ஒட்டிச் சூட்டில் நீலம் பாய்ந்த இரும்பு. ஒரு சுற்றை அறுத்துவிட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழாக மாறும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் விறைப்பு போதுமா என்றால், போதாது. இறங்கிய உயரத்தில் மிச்சமிருக்கும் குறைந்த பயணத்தைக் காப்பாற்ற அது பற்றாது. அதைவிடப் பெரிய ஆபத்து முனையில் இருக்கிறது. ஸ்பிரிங் முனையின் வடிவமும் அது உட்காரும் சீட்டின் பள்ளமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. வெட்டிய முனை அந்தப் பள்ளத்தில் உட்காராது, ஒரே புள்ளியில் அழுத்தும், ஸ்டியரிங் திரும்பும்போது நழுவி நழுவித் துள்ளும். அந்த 'டங்' சத்தம் இதுதான். வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். லூசாகச் சுற்றினால், மேலும் கீழும் ஆடினால், அந்த வண்டியை ஓட்டாதீர்கள். சாலைப் பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கித் திரும்பும்போது ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகி உட்காரும், டயரில் உரசவும் செய்யும்.

வெட்டாமல், கேஸ் வெல்டிங் சூடு காட்டி ஸ்பிரிங்கை 'அமுக்கி' இறக்குபவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். ஸ்பிரிங் இரும்புக்கு அதன் குணம் டெம்பரிங்கில், அதாவது அளவான சூட்டில் பதப்படுத்துவதில், கிடைக்கிறது. சூடு காட்டிய இடத்தில் அது போய்விடும். இறங்குவது ஒரு அளவோடு நிற்காது, ஒரு பக்கம் அதிகமாகத் தொய்யும், ஒருநாள் முறியும்.

அடுத்து ஷாக். 'புது கேஸ் ஷாக்' என்று பில்லில் எழுதியிருந்தது. ஸ்டிக்கர் ஓரத்தின் மேலேயே ஸ்பிரே பெயின்ட் ஏறியிருந்தது. புதுப் பொருளில் பெயின்டுக்கு மேல்தான் ஸ்டிக்கர் இருக்கும். குழாயின் மேல்பகுதியில் பட்டாணி அளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, அடைத்திருக்கிறார்கள். வாயு கிடையாது, தேய்ந்த சீல் அதேதான், வால்வும் அதேதான். பிஸ்டன் ராடின் குரோம் மீது பிளையர் பற்கள் பதிந்த கோடுகள். அந்தக் கோடு ஒவ்வொரு முறை உள்ளே போய்வரும்போதும் சீலின் உதட்டைக் கிழிக்கும். கைக்கு வந்த நாளிலிருந்தே அது ஒழுகத் தொடங்கிய ஷாக்.

மாட்டுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஷாக்கை நேராக நிறுத்தி, ராடை முழுதாக அமுக்கி, கையை எடுங்கள். வாயு நிரப்பியது என்றால் தானாக மேலே வர வேண்டும். இரட்டைக் குழாய் வகையில் வாயு அழுத்தம் குறைவு, சில பார்தான், நிதானமாக எழும். ஒற்றைக் குழாய் வகையில் 20 முதல் 25 பார் வரை இருக்கும். 11 மில்லிமீட்டர் ராடாக இருந்தால் அதை அமுக்கவே ஏறக்குறைய 19 முதல் 24 கிலோ எடை வேண்டும். அமுக்கிய இடத்திலேயே ராடு நின்றால் அது வெறும் ஆயில் ஷாக், அல்லது வாயு போன ஷாக். ஆயில் ஷாக் விற்பது தப்பில்லை. கேஸ் ஷாக் என்று பில் போட்டு அதைக் கொடுப்பதுதான் மோசடி. இன்னொன்று: இரட்டைக் குழாய் ஷாக்கைப் படுக்க வைத்திருந்தால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டும் முன் நேராக நிறுத்தி நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். பாதிவழியில் 'பொத்' என்று வெற்றிடமாகப் போவது நிற்கும் வரை செய்ய வேண்டும்.

அந்த வண்டியில் பம்ப் ஸ்டாப்பே இல்லை. 'இடிக்குது' என்று உரிமையாளர் இரண்டாம் முறை போனபோது கழற்றி வீசியிருக்கிறார்கள். பம்ப் ஸ்டாப் வெறும் ரப்பர் துண்டு இல்லை. மிருதுவான பாலியூரித்தேன் நுரையால் ஆன அது, ஷாக்கின் பயணம் முடிவதற்குள் படிப்படியாக இறுகி அடியைத் தாங்கும் இரண்டாவது ஸ்பிரிங். அசல் உயரத்தில் அதைத் தொட 60 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 இறக்கினால் மிச்சம் 25. நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலே பாதி போய்விடும். அதனால்தான் சரியான கிட்டில் குட்டையான பம்ப் ஸ்டாப் வரும், அல்லது எத்தனை மில்லிமீட்டர் வெட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். முழுதாக எடுத்துவிட்டால் பிஸ்டன் போய்க் குழாயின் அடியில் உள்ள வால்வில் இடிக்கும். ஷாக் உள்ளே உடையும், அதை மேலே வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்ட் கிழியும்.

இனி, மோசடி இல்லாமலே அறியாமையால் நடக்கும் தவறு. "ஸ்பிரிங் மட்டும் மாத்துங்க, இருக்கிற ஷாக்கே போதும்" என்பார்கள். 20 மில்லிமீட்டருக்குள் என்றால், ஷாக்கும் நல்ல நிலையில் இருந்தால், கொஞ்ச காலம் ஓடும். அதற்கு மேல் இரண்டு விதத்தில் அடிபடும். ஒன்று நீளம்: அசல் ஷாக்கின் பிஸ்டன் இப்போது எப்போதும் குழாயின் கீழ்ப்பகுதியிலேயே வேலை செய்யும்; சக்கரம் தொங்கினால் குட்டையான ஸ்பிரிங் லூசாகும். இரண்டாவது அடக்கும் திறன். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 350 கிலோ, விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்றால் அந்த மூலை நொடிக்கு 1.35 தடவை ஆட விரும்பும். விறைப்பை 30 சதவீதம் கூட்டினால் அது 1.5-ஐத் தாண்டும். அதே பழைய ஷாக் அந்த வேகமான துள்ளலைப் பிடித்து நிறுத்தத் திணறும், முக்கியமாகத் திரும்பி எழும் திசையில். நெடுஞ்சாலையில் ஒரு அலைமேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை குதிப்பது அதனால்தான்.

ஆகவே ஷாக் வாங்கும்போது 'எந்த பிராண்ட்' என்பதோடு நிற்காமல் 'எந்த நீளம்' என்று கேளுங்கள். பில்ஸ்டைன் என்ற ஷாக் கம்பெனியை எடுத்துக்கொண்டால் பி4 அசலுக்கு மாற்று, பி6 அசல் உயரத்துக்கான பலமான வகை, பி8 தான் லோயரிங் ஸ்பிரிங்குக்காகக் குட்டையாக்கியது. பி6, பி8 இரண்டும் பெரும்பாலும் ஒரே மஞ்சள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பி8-க்குக் காசு வாங்கி பி6 மாட்டினால் பார்ட் நம்பர் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கத் தயக்கமாக இருந்தால் அவர்களின் பி12-ஐப் பாருங்கள். அது பி8 ஷாக்கும் ஐபாக் என்ற கம்பெனியின் ஸ்பிரிங்கும் சேர்ந்த கிட். கோனி என்ற இன்னொரு கம்பெனியின் மஞ்சள் வகையில் எழும் திசையின் அடக்கத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் திருகும் இடம் சில மாடல்களில் ஷாக்கைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்குக்கும் இதே கண்டிப்பு வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே மாடலுக்கே முன் ஆக்சில் எடையைப் பொறுத்துத் தனித்தனி நம்பர் வைத்திருப்பார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம். பெட்ரோல் ஸ்பிரிங்கை டீசலில் மாட்டினால் 30 என்று சொன்னது அதைவிட அதிகமாக இறங்கும். வண்டியின் தகட்டிலோ பதிவுத்தாளிலோ உள்ள ஆக்சில் எடையைப் பார்த்து, ஸ்பிரிங் பெட்டியில் எழுதியுள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். நம்பர் ஸ்பிரிங்கின் மேலேயே அச்சாகியிருக்கும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று ஒரு ஸ்பிரிங்கை நீட்டினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பில்லில் 'சஸ்பென்ஷன் கிட் 1' என்று எழுத விடாதீர்கள்: ஸ்பிரிங் நம்பர், முன் ஷாக் நம்பர், பின் ஷாக் நம்பர் மூன்றும் இருக்கட்டும். பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் உங்களிடம் வர வேண்டும் என்று வேலைக்கு விடும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு நிபந்தனை போட்டிருந்தால் மேலே சொன்ன ஸ்பிரிங் மோசடி நடந்திருக்கவே முடியாது.

நல்ல பொருளையும் மாட்டும் விதத்தில் கெடுப்பார்கள். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) மேல் நட்டை, அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன்னால் சுழற்றினால் ராடும் சேர்ந்து சுற்றும். ராடு முனையில் உள்ள அலன் பள்ளத்தில் சாவி போட்டுப் பிடித்துக்கொண்டு, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக முடுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் தொங்கும் கோணத்திலேயே பிடிபட்டு, வண்டி தரையில் இறங்கியதும் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகே கடைசி முடுக்கு. டாப் மவுண்ட், பேரிங், டஸ்ட் பூட் மூன்றையும் இந்த வேலையோடு புதிதாகப் போடுங்கள். பின்னால் மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. இறங்கியதும் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மேல்முனையில் உள்பக்கம் சாயும், டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பி நிற்கும் கோணம்) மாறும். டயரை அவ்வளவு வேகமாகத் தின்பது டோதான். ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும், அப்போது இரண்டாம் முறை பாருங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, வேலைக்கு முன்பும் பின்பும் எழுதி வையுங்கள்; டயர் காற்று, டயர் அளவு எதுவும் அந்தக் கணக்கைக் குழப்பாது. இடமும் வலமும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் திருப்பிக் கொண்டுபோங்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைத்த பிரேக் அழுத்த வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். லோயர் செய்ததும் வண்டியில் பாரம் ஏறிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும்; வெற்று வண்டியில் ஈரச்சாலையில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி வால் வீசும். அந்தக் கம்பியை மறுபடி செட் செய்தாயிற்றா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தானாகச் சமன்படும் ஹெட்லைட் உள்ள வண்டியில் அதன் சென்சார் கம்பிக்கும் இதே கதிதான்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, சந்தேகமாக இருக்கிறது என்றால் நான்கு சக்கரத்தையும் ஒரு வேறு ஒர்க்‌ஷாப்பில் கழற்றி, ஸ்பிரிங் முனை, ஷாக் நம்பர், பம்ப் ஸ்டாப் மூன்றையும் படமெடுங்கள். பழைய பில்லோடு எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெட்டிய ஸ்பிரிங் என்று உறுதியானால் பழைய அளவில் அசல் ஸ்பிரிங் வாங்கி மாட்டும் வரை வேகத்தைக் குறையுங்கள், பாரம் ஏற்றாதீர்கள். தொங்கும்போது லூசாக இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.