மதுரை வருமுன் நின்றுபோன இரண்டு தன்வரலாறுகள்

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் தெரிந்தவர்கள் சிலர் என்னைக் கடை வாசலில் நிறுத்தி, ஒரே ஒரு தன்வரலாறுதான் வாங்க முடியும் என்றால் காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை எடுப்பதா, உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை எடுப்பதா என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம், முதல் நூல் சிறியது, மலிவானது, அதையே எடுங்கள் என்று சொல்லிவிடுவேன். இரண்டையும் மறுபடி படித்த பிறகு அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை.

மதுரைக்காரர் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு நூல்களும் நம் ஊருக்கு வந்து சேருமுன்பே நின்றுவிடுகின்றன என்பதாகும். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் தம் பழைய உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அந்தக் கோலத்தில் மக்கள் முன் முதலில் தோன்றிய இடத்தை இன்றும் காந்தி பொட்டல் என்கிறோம். ஆனால் 'சத்திய சோதனை'யின் கதை 1920 டிசம்பர் நாகபுரி காங்கிரசோடு முடிந்துவிடுகிறது. அவ்வாறே பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியது 1901இல், உ.வே.சா.வின் நூலோ 'மணிமேகலை' பதிப்பு வெளிவந்த 1898ஐ ஒட்டிய காலத்தைத் தாண்டவில்லை.

நின்ற காரணங்கள் வேறு வேறானவை. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக எழுதிய காந்தி, அதற்கு மேற்பட்ட தம் வாழ்க்கை ஊரறிய நடந்தது, மக்களுக்குத் தெரியாதது அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று கருதித் தாமே நிறுத்திக்கொண்டார். உ.வே.சா. 'ஆனந்த விகட'னில் 1940 முதல் எழுதிவந்த தொடரை, 1942 ஏப்ரலில் நேர்ந்த அவருடைய மறைவு நிறுத்தியது. நூல் வடிவம் 1950இல்தான் வந்தது. எழுதியவரே வாசலைச் சாத்திய நூலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கணக்கு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. காந்தி தம்மையே சோதனைப் பொருளாக்கி, உண்மையோடு தாம் நடத்திய பரிசோதனைக்கு உதவும் நிகழ்ச்சிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். அந்த நேர்மைக்கு ஈடு சொல்வது அரிது. ஆனால் அதன் விலையாகச் சுற்றியிருப்பவர்கள் மங்கிப்போகிறார்கள்; கஸ்தூரிபாயைக்கூடக் கணவரின் குற்றவுணர்ச்சி வழியாகத்தான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது.

உ.வே.சா.வின் கண் பிறர்மேல் நிலைத்த கண். பிள்ளையவர்கள் என்று அவர் வாய்நிறையச் சொல்லும் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்தவுடன், தன் சரித்திரம் எழுதுகிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு அந்நூல் ஆசிரியருடையதாகிவிடுகிறது. அதே ஆசிரியருக்கு அவர் 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் தனி வாழ்க்கை வரலாறும் எழுதியிருப்பதால், ஒரே கை ஒரே மனிதரைப் பற்றி எழுதிய இரண்டு வகை நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கும் அரிய வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. வரலாற்று நூலில் மாணவர் ஓரமாக ஒதுங்கி நின்று, பாடிய நூல்கள், பாடம் கேட்டவர்கள், ஆதரித்தவர்கள் என்று திரட்டித் தருகிறார். 'என் சரித்திர'த்திலோ, மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் வந்து நிற்கும் தந்தையின் ஏழ்மை, பாடம் கேட்க வருபவர்கள் இடையிலேயே போய்விடுகிறார்களே என்ற ஆசிரியரின் தயக்கம், சேர்த்துக்கொள்வாரோ மாட்டாரோ என்ற பதினாறு வயதுப் பையனின் நடுக்கம் ஆகியவை சேர்ந்துவிடுகின்றன. தகவலுக்கு முதல் நூல், மனிதரைக் காண இரண்டாவது நூல் என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன். தகவல் தேடிப் போனவன் மனிதரிடம் சிக்கிக்கொண்டு வேலை கெட்ட நாட்களும் உண்டு.

தம்மைக் குறைத்துக் காட்டுவதிலும் உ.வே.சா. காந்திக்குச் சளைத்தவரல்லர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்த பின், அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கச் சென்று, தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் பெருமையோடு அடுக்கியதையும், அவர் அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று கேட்டதையும் தாமே விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் சிந்தாமணியை அச்சேற்றிய மனிதர், அன்றைய தம் அறியாமையைப் பூசி மெழுகாமல் விட்டதே அந்தப் பகுதியின் சுவை. குறையும் சொல்ல வேண்டும்: ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் செய்யுள்களும் நெருங்கி வருவதால், அவசரமாகப் படிப்பவர்கள் முதல் நூறு பக்கங்களிலேயே மூடிவைத்துவிடக்கூடும்.

அத்தகையவர்களுக்கு நான் தி.க.சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யைக் காட்டுவேன். இந்நூல் மதுரையிலிருந்தே புறப்படுகிறது. 1918இல் இங்கே தொடங்கப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சினத்தையும் பரிவையும் அருகிலிருந்து கண்டு எழுதியிருக்கிறார். 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவர் சொல்லும் இடத்தைப் படித்தவர்கள் நூலைக் கீழே வைக்க மாட்டார்கள். உள்ளாய்வு குறைவு, ஓட்டம் அதிகம்.

பாமாவின் 'கருக்கு' நூலை இந்த வரிசையில் வைத்துத் தரம் பிரிக்க எனக்கு மனமில்லை. 1992இல் மதுரையில் வெளியான அந்தச் சிறிய நூல், ஆண்டுவாரியாக நடக்காமல், ஊர்ப் பேச்சிலேயே, சாதியும் திருச்சபையும் ஒரு தலித் பெண்ணை எப்படி நடத்தின என்பதைச் சொல்கிறது. மற்றவர்கள் தங்களைச் செம்மையான நடையில் எழுதிக்கொண்டார்கள். இவர் நடையையே தம் வாதத்தின் ஒரு பகுதியாக்கினார். வயது வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

எழுதியவர் ஒருவர், வாழ்ந்தவர் வேறொருவர் என்றாகும்போது வரும் சிக்கலுக்கு மதுரையின் உதாரணம் யூசுப்கான். கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்ப் படைத்தலைவராகப் பெயர் பெற்று, மதுரையை ஆண்டு, 1763இல் அதையே எதிர்த்து நின்று, உடனிருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டவர். அவர் தன்வரலாறு விட்டுச் செல்லவில்லை. சாமுவேல் சார்லஸ் ஹில் 1914இல் வெளியிட்ட வரலாறு அரிய உழைப்பு. ஆயினும் அதன் ஆதாரங்களில் பெரும்பகுதி அவரைத் தூக்கிலிட்ட தரப்பின் ஆவணங்கள் என்பதால், கோட்டைக்கு உள்ளே இருந்தவரைக் கோட்டைக்கு வெளியே முகாமிட்டிருந்தவர்களின் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிரியின் குறிப்பிலேயே அவருடைய திறமை இவ்வளவு துலங்குகிறதே என்பது தனி வியப்பு. இதைக் கடைசியில் படிக்கச் சொல்கிறேன். தன்வரலாறுகளில் பழகிய கண்ணுக்குத்தான் இங்கே எந்தக் குரல் இல்லை என்பது தெரியும்.

ஆகவே கடை வாசலில் இப்போது நான் சொல்லும் பதில், பொறுமை உள்ளவருக்கு 'என் சரித்திரம்' என்பதுதான். அது நின்ற இடத்திலிருந்து மேலே அறிய, மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. 'சத்திய சோதனை'யை வாங்குபவர், கடைசிப் பக்கம் முடிந்ததும் மேலமாசி வீதிக் கதர்க் கடைக்கு ஒருமுறை போய்விட்டு வரலாம். விடுபட்ட அத்தியாயத்தின் வீடு அதுதான்.