பீங்கான் வெனீரா, காம்போசிட் வெனீரா?

முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் ஒரு பல்லின் உடைந்த முனையையும் மறைப்பதற்காக நான் காம்போசிட் வெனீர் செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெனீர் என்பது பல்லின் முன்புறத்தை மூடும் மெல்லிய மேலடுக்கு; அதைப் பீங்கான் தகடாகவும் ஒட்டலாம், காம்போசிட் எனப்படும் பல் நிற ரெசினாலும் (பிசின் போன்ற பொருள்) செய்யலாம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

தோற்றத்தில் பீங்கானே மேல். இயற்கைப் பல்லைப் போலவே ஒளியைச் சற்று உள்ளே விடும். கறை எளிதில் ஏறாது. பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் நிற்கும். காம்போசிட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 5 முதல் 7 ஆண்டுகளே. இடையில் பளபளப்பும் மங்கும்.

என்னைத் தயங்க வைத்தது பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல்தான். பீங்கான் தகடு துருத்தாமல் அமைவதற்காகப் பல்லின் முன்புறத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் எனாமலைத் தேய்த்தெடுப்பது வழக்கம். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைப்பதற்குள் மறைந்துவிடுவதால், தேய்த்தது மீண்டும் வளராது. 30 வயதில் பீங்கானுக்குப் போகிறவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது தகட்டை மாற்ற நேரிடலாம். ஒவ்வொரு முறையும் பழையதை அரைத்தெடுக்கையில் அடியிலுள்ள பல்லும் சிறிது போகக்கூடும். எனாமலில் பசை பிடிக்கும் உறுதி அதன் கீழுள்ள டென்டினில் கிடைப்பதில்லை என்பதால், இந்த இழப்பு அடுத்த தகட்டின் ஆயுளையும் குறைக்கும்.

எனக்கோ பல்லைத் தேய்க்கவே தேவைப்படவில்லை. அமில ஜெல் தடவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ரெசினை அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியில் இறுக்கி, ஒரே அமர்வில் முடித்துவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் ஓரம் பெயர்ந்தபோது (நகம் கடிக்கும் பழக்கம், வேறென்ன) அந்த இடத்தில் மட்டும் ரெசின் சேர்த்து மெருகேற்றினார்கள். பீங்கான் உடைந்திருந்தால் பெரும்பாலும் முழுத் தகட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

மூன்று ஆண்டு அனுபவத்தை வைத்து இதற்கு மேல் அடித்துப் பேச முடியாது. மொத்தமாக மாற்றும் நாள் வரும்போது என் எண்ணமும் மாறலாம். டெட்ராசைக்ளின் மருந்தால் பற்கள் ஆழமாகக் கறுத்தவர்களுக்கு மெல்லிய காம்போசிட் அடுக்கு போதாது. அவர்களுக்குப் பீங்கானே பொருத்தம். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் எதைத் தேர்ந்தாலும் இரவுக் கவசம் அணிய வேண்டியிருக்கும்.

பல்லை வெளுக்கச் செய்யும் எண்ணமிருந்தால் வெனீருக்கு முன்பே செய்துகொள்வது நல்லது. வெளுப்பு மருந்தால் பீங்கானின் நிறமும் மாறாது, காம்போசிட்டின் நிறமும் மாறாது.