வாட்ஸ்அப் கேட்டலாக்கா, அமேசானா, சொந்த இணையக்கடையா?

எங்கள் ஜவுளிக்கடையில் பல சேலைகள் ஒரு நிறத்துக்கு ஒரே ஒரு பீஸ்தான். ஆவணி முகூர்த்த சமயத்தில் கவுண்டரில் ஒரு அம்மா பில் போட்டு வாங்கிப்போன சேலைக்கு, அரை மணி நேரத்தில் ஆன்லைனிலும் ஆர்டர் வந்தது. பணம் கட்டிய பெண்ணைக் கூப்பிட்டு “விற்றுப்போச்சும்மா” என்று சொன்னபோது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதனால் இருப்புக் கணக்கு எதில் சரியாக நிற்கும் என்பதை மட்டும் பார்க்கிறேன். கமிஷன் எல்லாம் அப்புறம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 2019 முதல் கேட்டலாக், அதாவது படத்தோடு பொருள் பட்டியல், உண்டு. இலவசம், 500 பொருள்வரை ஏற்றலாம். ஆனால் எத்தனை பீஸ் மிச்சம் என்று அதில் குறிக்க முடியாது. விற்றதை நாமேதான் மறைக்க வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும்போது யார் போனை எடுப்பது? ஆனாலும் ஒரு காப்பு இருக்கிறது. வாங்குபவர் “இது இருக்கா?” என்று கேட்பார், நாம் அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்பச் சொல்வோம்.

அமேசான் போன்ற தளங்களில் அங்கே விற்றது தானாகக் குறையும். கவுண்டரில் விற்றது அதற்குத் தெரியாது. அமேசானில், அனுப்புவதற்கு முன் நாம் ரத்து செய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பத்தே ஆர்டர் பார்க்கும் கடைக்கு ஒரு ரத்து என்றால் அதுவே 10 சதவீதம். ஆன்லைனுக்கென்று சரக்கை ஒதுக்கி வைக்கலாம்தான். சீசனில் ஒற்றைச் சேலையை அப்படிப் பூட்டி வைக்க எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்?

2022 ஏப்ரலில் ஓ.என்.டி.சி. என்ற, அரசு ஆதரவு பெற்ற திறந்த இணைய வணிக வலையமைப்பின் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. அதிலும் இருப்பை விற்பவர்தான் புதுப்பிக்க வேண்டும்.

பில்லிங்கோடு இணைத்த சொந்த இணையக்கடைதான் முறையான வழி. பார்கோடு அடித்ததும் இரண்டு பக்கமும் குறையும். ஆனால் கடைப் பழக்கம் அதோடு ஒத்துப்போக வேண்டும். தறியிலிருந்து வந்த சேலைக் கட்டை, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பே பிரித்து விற்கிறோம். தெரிந்தவர்கள் வீட்டில் காட்டிவிட்டு வருகிறோம் என்று நான்கு சேலை எடுத்துப்போய், மறுநாள் மூன்றைத் திருப்பித் தருவார்கள். பில் இல்லாமல் போய்வரும் சேலையை எந்த மென்பொருளும் அறியாது. ஸ்டிக்கர் ஒட்டி, கணக்கில் ஏற்றிய பிறகே சேலை வெளியே போகும் என்ற ஒழுங்கு ஒரு சீசன் முழுக்கத் தவறாமல் நடந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

நாங்கள் இப்போது ஒற்றைச் சேலைகளை வாட்ஸ்அப்பில் மட்டும் போடுகிறோம். அமேசான் போன்ற தளங்களுக்கு வேட்டியும் உள்பாவாடையும்தான், அதுவும் கையிருப்பைவிட இரண்டு குறைத்து.