மஞ்சள் நோட்டீஸும் விவாகரத்தும்: மொத்தத் தொகையா, வீடா, மாத ஜீவனாம்சமா?

நம்ம பக்கம் ஒருத்தர் "ஐ.பி. போட்டுட்டார்", அதாவது கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் திவால் மனு போட்டு மஞ்சள் நோட்டீஸ் விட்டுட்டார் என்றால் ஊரே கடன்காரர்களைப் பற்றித்தான் பேசும். பாலக்கோடு தக்காளி மண்டியில் விலை சரிந்து கைவிரித்தவர், மாங்கூழ் ஆலைக்குச் சரக்கு போட்டுப் பணம் வராமல் முடங்கியவர், ஃபைனான்ஸ் லாரியைப் பறிகொடுத்தவர் என்று கதைகள் வரும். அதே ஆளிடம் விவாகரத்து கேட்டு நிற்கும் மனைவிக்கு என்ன மிஞ்சும் என்ற பேச்சு வருவதில்லை.

முதலில் இரண்டு நப்பாசைகளைத் தள்ளிவிடலாம். தமிழ்நாட்டில் விவாகரத்து என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு என்ற சட்டம் கிடையாது. அதேபோல, கையெழுத்துப் போடாத வரை கணவர் கடன் மனைவியின் கடனும் ஆகாது. அவள் பெயரில் இருக்கும் நிலமும் சீதன நகையும் அவளுடையவை. பிடுங்கல் எல்லாம் கணவர் தர வேண்டியதில்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் தனிநபர் திவால் இன்னும் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டப்படிதான் நடக்கிறது. 2016-இல் வந்த புதுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. கோர்ட் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் அவர் சொத்து கோர்ட்டின் கைக்கோ, சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

பெரும்பாலானோர் மயங்குவது மொத்தத் தொகையில். "பத்து லட்சம் வாங்கிட்டு ஒதுங்கிக்கோம்மா" என்று பஞ்சாயத்தில் மாமன் மச்சான்களே சொல்வார்கள். பரஸ்பர சம்மத மனுவின் கடைசி நாளில் டி.டி. கைக்கு வந்துவிட்டால் சரி. ஆனால் நம்ம ஊர் ஒப்பந்தங்களில் பாதிப் பணம் இப்போது, மீதி தவணையில் என்றுதான் இருக்கும். கூடவே ஒரு வரியும் இருக்கும்: "ஜீவனாம்ச வழக்கு உட்பட அனைத்து வழக்குகளையும் மனைவி வாபஸ் பெறுகிறார்." இந்த வரிதான் ஆபத்து. இரண்டாவது தவணைக்கு முன் அவர் ஐ.பி. போட்டால், கையில் ஜீவனாம்ச உத்தரவும் இல்லாமல், வட்டிக்கு விட்டவரோடும் சீட்டுக்காரரோடும் நீங்களும் வரிசையில் நிற்க நேரிடலாம்.

வீட்டை எழுதி வாங்குவது பார்வைக்குப் பலமானது. ஆனால் செட்டில்மென்ட் பத்திரம் பதிவான 2 வருடத்துக்குள் திவால் மனு தாக்கலானால், உரிய பிரதிபலன் இல்லாத மாற்றம் என்று சொல்லி ரிசீவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகத்தான் இந்த வீடு என்று கோர்ட் தீர்ப்பிலேயே வரவேண்டும்; வெறும் "அன்பினால்" என்று எழுதிய பத்திரம் போதாது. வில்லங்கம் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். பேங்க் அடமானம் இருந்தால் வீட்டோடு அதுவும் உங்கள் தலையில் ஏறும்.

மாத ஜீவனாம்சம் வேண்டாவெறுப்பாகப் பார்க்கப்படுகிற வழி. மாசாமாசம் கெஞ்ச வேண்டுமே என்ற சலிப்பு நியாயமானதுதான். இருந்தும் கணவர் திவாலாகும் நிலையில் இருந்தால் என் ஓட்டு இதற்கே. 1920 சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் பாருங்கள்: திவாலானவருக்குக் கடனிலிருந்து விடுதலை கிடைத்தாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பிறந்த ஜீவனாம்ச உத்தரவின் பொறுப்பு அவரை விடாது. அந்த நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சப் பிரிவின் எண் அந்தக் காலத்தில் 488, பிறகு 125, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் 144. மனுவை நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அவர் ஓசூரில் கடை வைத்திருந்தாலும் பென்னாகரத்துப் பெண் அங்கே ஓட வேண்டாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஜீவனாம்ச நிலுவைக்கு அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரின் உரிமைக்கும் மேலான முன்னுரிமை உண்டு என்றது.

அவர் சம்பளக்காரர் என்றால் வித்தியாசம் கணக்கிலேயே தெரியும். ஓசூர் கம்பெனியில் மாதம் 31,000 வாங்குகிறார் என்று வையுங்கள். சாதாரணக் கடன் டிகிரிக்கு (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) முதல் 1,000-ஐ விட்டு மீதியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10,000 வரைதான் ஜப்தி செய்ய முடியும். அதே சிவில் கோர்ட்டில் ஜீவனாம்ச டிகிரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு, 20,000-க்கு மேல்.

இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்பவர்கள், கணவரின் அசையாச் சொத்தின் மேல் அதற்குப் பொறுப்பு ஏற்றும்படியும், அதாவது அந்தச் சொத்தையே ஜீவனாம்சத்துக்குப் பிணையாக்கும்படியும், சேர்த்துக் கேட்கலாம். திவால் மனுவுக்கு முன்பே இதை வாங்கிவிட்டால் நல்லது. வக்கீல் ஃபீஸுக்குத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, உதவி இலவசம்.

எந்த வழியில் போனாலும் தீராத ஒன்று உண்டு. அவருடைய லாரிக் கடனுக்கோ கடைக் கடனுக்கோ நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் திவாலில் விடுதலை ஆனாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை இல்லை. விவாகரத்துத் தீர்ப்பும் பேங்கைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தம் பேசும் முன் அந்தக் கடன்களின் பாக்கி ஸ்டேட்மென்டை வாங்கி மேஜையில் வையுங்கள். மொத்தத் தொகை பேசினால், அதில் முதல் செலவே அந்த பாக்கியாகத்தான் இருக்கும்.