குதிரையைத் தினமும் குளிப்பாட்டுவதா, தேய்த்துவிடுவதா, கடலில் இறக்குவதா?

எங்கள் கடலூர்ப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர், மாட்டைக் கழுவுகிற மாதிரி காலையில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கொட்டகையில் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தண்ணீர்ப் பக்கமே போகாமல் பிரஷ்ஷும் சீப்புமாக அரைமணி நேரம் தேய்க்கிறார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சவாரி முடிந்ததும் அப்படியே அலைக்குள் இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடலூர், புதுச்சேரி மாதிரி ஈரக்காற்று அடிக்கிற ஊரில் தினசரி வேலை என்றால் அது காய்ந்த உடம்பைத் தேய்த்துவிடுவதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு என் குதிரைதான் கஷ்டப்பட்டது. ஒரு ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்கிற நேரம், சேறு ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று தினமும் கழுவினேன், வெயில் இல்லாததால் முதுகு ஒருநாள்கூட முழுசாகக் காயவில்லை, இரண்டு வாரத்தில் முதுகெல்லாம் பொருக்குப் பொருக்காகக் கட்டி, பிய்த்தால் முடி கொத்தாகப் பெயிண்ட் பிரஷ் நுனி போலக் கையோடு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு டெர்மட்டோஃபிலஸ் என்கிற பாக்டீரியா என்றார். தோல் நன்றாக இருக்கும்வரை அதனால் உள்ளே போக முடியாது, நாள்கணக்கில் ஊறி மெத்தென்று ஆன தோலிலும் சிராய்ப்பிலும்தான் நுழையும். குளிப்பாட்டுவதை நிறுத்தி, பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்து, குளோர்ஹெக்சிடின் மருந்தால் கழுவி, ஒவ்வொரு தடவையும் துண்டால் ஒற்றிக் காயவைத்து, சேணமே போடாமல் விட்டுத்தான் சரியானது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்ம ஊரில் வானமே ஈரத்தைக் கொட்டுகிறது, அதற்கு மேல் நாம் வேறு ஊற்ற வேண்டுமா?

காய்ந்த தேய்ப்பு அழுக்கை எடுப்பதோடு நிற்காது. ரப்பர் சீப்பை வட்டமாகச் சுழற்றித் தேய்க்கும்போது அடித்தோலிலிருந்து பொடுகும் உதிர்ந்த முடியும் மேலே வரும், அப்புறம் கெட்டியான பிரஷ்ஷால் முடி படிந்திருக்கிற போக்கிலேயே சுண்டித் தள்ள வேண்டும், கடைசியில் மெல்லிய பிரஷ். தோலில் சுரக்கிற எண்ணெய் முடி நுனிவரை பரவுவது அந்தக் கடைசிச் சுற்றில்தான், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுவதற்கும் அந்த எண்ணெய்தான் உதவி. தினம் சோப்புப் போட்டால் அதுவே போய்விடும். நாம் தலைக்குப் போடுகிற ஷாம்பு இன்னும் மோசம், நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, குதிரைத் தோல் அப்படி இல்லை.

இன்னொன்று, தேய்க்கும்போது கை உடம்பு முழுக்கப் போகிறது. காதுக்குள், பிடரி மயிருக்கு அடியில், தொடை இடுக்கில் இருக்கிற உண்ணி, ஒரு காலில் மட்டும் தெரிகிற சூடு, சேணப்பட்டை உரசின இடத்தில் லேசான வீக்கம், இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீர் பீய்ச்சுகிறவர் நாலடி தள்ளி நிற்கிறார், அவருக்கு இது எப்படித் தெரியும்?

சீப்பிலும் இரண்டு கட்சி. இரும்புப் பல் சீப்பு காய்ந்த சேற்றைச் சீக்கிரம் உடைக்கும், ரப்பருக்கு நேரம் ஆகும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த புதுச்சேரிப் பெரியவர் இரும்புச் சீப்புக்காரர், ஆனால் அவரே, "தம்பி, முட்டிக்குக் கீழ இதைக் கொண்டு போகாத, அங்க சதையே கிடையாது, எலும்பும் நரம்பும்தான், மூஞ்சிக்கும் வேணாம்" என்பார். நான் இரும்பை பிரஷ்ஷில் சேர்ந்த முடியை வழிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

சரி, தண்ணீர் எங்கே ஜெயிக்கிறது? கத்திரி வெயிலில். வெயிலில் வேலை செய்த குதிரைக்கு வியர்வை நுரை தள்ளும், அதன் வியர்வையில் சோப்பு மாதிரி நுரைக்கிற ஒரு புரதமே இருக்கிறது, உப்பும் அதிகம். காய்ந்த ஊரில் வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும், இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிரச் சூடு இறங்குவதில்லை. அப்போது பிரஷ்ஷை எடுக்கவே கூடாது, தண்ணீர்தான். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இன்னமும் சொல்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால், அந்த ஊர் வெக்கைக்குப் பயந்து இதையெல்லாம் சோதித்துப் பார்த்ததில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கழுத்து, மார்பு, தொடை என்று விடாமல் ஊற்றுங்கள், நிழலும் காற்றும் இருக்கிற இடத்தில். மூச்சு தணிந்து, உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்த பிறகு தண்ணீரை வழித்துவிட்டுக் காயும்வரை நடத்துங்கள். சோப்பு தேவையில்லை.

கடல் குளியல் பார்க்க அழகு, கால்களுக்குக் குளிர்ச்சி, பல குதிரைகளுக்கு அது பிடிக்கவும் செய்கிறது. ஆனால் உப்பும் மணலும் குளம்புக்கு மேலே மடிப்பில் தங்கி, நடக்க நடக்க அரைத்துப் புண்ணாக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மடிப்பைத் துடைக்க முடியும் என்றால் வாரம் ஒருநாள் இறக்குங்கள், முடியாதென்றால் வேண்டாம். உப்புத்தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று திறந்த காயத்தோடு இறக்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், மணலும் அழுக்கும் உள்ளே போகும். குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாக வரும், வந்தால் காப்பாற்றுவது கஷ்டம். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குளம்பு விஷயத்தில் எந்தக் கட்சிக்கும் விலக்கு கிடையாது. நாலு காலையும் தினமும் தூக்கி, கொக்கியால் குதிகாலிலிருந்து நுனிப் பக்கமாகச் சுரண்ட வேண்டும். நடுவில் இருக்கிற முக்கோண மெத்தையின் ஓரத்துப் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து அழுகல் வாடை வந்தால் குளம்பு அழுகல் தொடங்கிவிட்டது, ஈரத் தரைதான் காரணம். மழைக்காலத்தில் ஊறிப்போன குளம்புக்கு எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். லாடம் அடிப்பவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும்.

வாலைச் சுத்தமாக இருக்கட்டும் என்று குட்டையாக வெட்டுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கடிக்கிற குதிரை ஈ இங்கே உண்டு, சர்ரா என்கிற இரத்த நோயைப் பரப்புவதே அந்த ஈதான், அதை விரட்ட அந்த ஜீவனுக்கு இருக்கிற விசிறி வால் ஒன்றுதான். சிக்கை விரலால் பிரித்தால் போதும்.

இப்போது என் கொட்டகையில் இரண்டு குதிரைக்கும் தனித்தனி பிரஷ், அதை மாட்டத் தனித்தனி ஆணி. அந்தப் பொருக்கு நோயும் படைநோயும் ஒரே பிரஷ்ஷில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், நமக்கும் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழுவி மொட்டைமாடியில் வெயிலில் காயவைக்கிறேன், மழை நாளென்றால் அடுப்படியில்.