பிக்கப் பின்பக்கத்துக்கு ரப்பர் கட்டை: சில வருட அனுபவம்

பிக்கப் வண்டியின் பின்பம்பரைக் காப்பாற்ற என்ன மாட்டலாம் என்று யார் கேட்டாலும், பம்பரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். ஒன்றரை டன் வண்டியில் பம்பர் நசுங்கினால் பட்டறையில் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்கள். செலவு வைப்பது அதற்குப் பக்கத்தில் இருப்பவை. இரண்டு ஓரத்திலும் பின் விளக்கு, பின் கதவின் கீல், நம்பர் பிளேட். இதில் பிளேட்தான் பெரிய தலைவலி. 2019 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளுக்கு வருவது உயர் பாதுகாப்பு பிளேட். அது உடைந்தால் தெருமுனைக் கடையில் எழுதி மாட்ட முடியாது. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் வண்டி ஓடுவது பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து பாலக்காடு, திருச்சூர் பக்கம். தக்காளிப் பெட்டி, முருங்கைக் கட்டு, சீசனுக்கு ஏற்ற மற்ற காய். ஹைவேயில் பின்பக்கம் அடிபடுவது அபூர்வம். அடிபடுவதெல்லாம் மண்டிக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். இருட்டு, ஈரத் தரை, குறுக்கே தள்ளுவண்டி, ஷெட்டின் இரும்புத் தூண். "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டுகிற ஆளும் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் காட்டுவார்.

வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது பின்னால் கனமான இரும்புக் குழாயில் ஒரு தடுப்புக் கம்பி, அதாவது கிராஷ் கார்டு, இருந்தது. முந்தைய ஓனர் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலேயே வெல்டிங் வைத்து மாட்டியிருந்தார். பார்க்க யானை மாதிரி இருக்கும். முதல் வேலையாக அதைக் கழற்றினேன். சேசிஸ் இரும்பில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடம் பலவீனமாகும். அது போக, வளையாத குழாயில் விழும் அடி எங்கே போகும்? நேராகச் சேசிஸுக்குத்தான். சின்ன இடியில் குழாய்க்கு ஒரு கீறல்கூட விழாது, எதிரில் நிற்கும் காரின் முகப்பு நொறுங்கும். சட்டப்படியும் சரியில்லை. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரி கிராஷ் கார்டுகளை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதமானவை என்று சொல்லி நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பேச்சு எல்லாம் காரின் முன்பக்கக் கம்பியைப் பற்றித்தான் ஓடியது, ஆனால் 52ஆம் பிரிவு முன்பக்கம் பின்பக்கம் பார்ப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம்.

அதற்குப் பதிலாக நான் மாட்டியது ரப்பர். குடோன்களில் லாரி வந்து முட்டும் இடத்தில் சுவரில் பதித்திருப்பார்களே, நடுவில் ஓட்டை உள்ள, ஆங்கில D எழுத்து வடிவக் கட்டை, அதேதான். கணக்கு எளிது. வண்டியும் லோடும் சேர்ந்து 3 டன், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். இரும்பு அரை சென்டிமீட்டர் மடங்கி வண்டியை நிறுத்துகிறது, ரப்பர் 2 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்துகிறது என்றால், நிற்கும் தூரம் நாலு மடங்கு, சராசரி விசை நாலில் ஒரு பங்கு. வேகம் 8 கிலோமீட்டர் ஆனால் மோதலின் ஆற்றலும் நாலு மடங்காகிவிடும், கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். ஆகவே இது தவழ்கிற வேகத்துக்கான பாதுகாப்பு. சிக்னலில் பின்னால் ஒருவர் வேகமாக வந்து இடித்தால் ரப்பர் ஒன்றும் செய்யாது.

பலரும் கட்டையைக் குறுக்காக, பம்பர் நீளத்துக்கு மாட்டுகிறார்கள். காலி வண்டியில் அழகாக இருக்கும். லோடு ஏறினால் பின் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டி சில அங்குலம் இறங்கிவிடும். காலியாக இருக்கும்போது லோடு ஏற்றும் திண்ணையின் விளிம்பில் சரியாகப் போய் உட்கார்ந்த ரப்பர், லோடில் அதற்குக் கீழே போய்விடும். பிறகு முட்டுவது விளக்கும் கதவும்தான். நான் விளக்குகளுக்கு உள்பக்கமாக இரண்டு கட்டைகளைச் செங்குத்தாக மாட்டினேன், நடுவில் மட்டும் ஒன்று குறுக்காக. ஓரத்துக் கட்டைகள் விளக்கின் கண்ணாடியைவிட நாலு விரல் வெளியே தள்ளி நிற்கும். வண்டி ஏறினாலும் இறங்கினாலும் அதில் ஏதாவது ஒரு பகுதிதான் முதலில் முட்டும். இத்தனை வருடத்தில் பின் விளக்கு உடைந்தது ஒரே தடவை. அதுவும் தூணில் மோதியதால் அல்ல, பக்கவாட்டில் வந்த டூவீலரின் ஹேண்டில்பார் பட்டு.

மாட்டும்போது போல்ட் தலை ரப்பருக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். ஓட்டைக்குள் ஒரு இரும்புப் பட்டையை நுழைத்து, அதன் மேல் போல்ட் இறுக்கினால் ரப்பர் கிழியாது. சாதாரண நட் போட்டால் அதிர்வில் கழன்றுவிடும், உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட் போடுங்கள். போல்ட்டுக்குப் பம்பரில் ஏற்கெனவே இருக்கும் துளைகளே போதும். சேசிஸில் டிரில் போட வேண்டிய அவசியமே இல்லை.

ரப்பரின் தரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முதல் செட் இயற்கை ரப்பர். நன்றாகத் துள்ளும், அடி வாங்கும், ஆனால் இரண்டாவது கோடையில் மேற்பரப்பு முழுக்க மயிரிழை வெடிப்பு. வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் அது தாங்காது. இப்போது இருப்பது ஈபிடிஎம், கார் கதவு ஓரத்தில் ஓடும் கறுப்புப் பீடிங் பெரும்பாலும் அந்த வகைதான். வெயிலில் அசையாமல் நிற்கிறது. அதற்கு டீசலும் எண்ணெயும் ஆகாது. ஒரு மூலையில் டீசல் கேன் கசிந்து ஊறிய இடம் மட்டும் உப்பி, மெத்தென்று ஆகிவிட்டது.

செலவே வேண்டாம் என்றால் பழைய டயரை வெட்டி மாட்டலாம், மார்க்கெட்டில் பாதி வண்டிகளில் அதுதான். நைலான் டயராகப் பாருங்கள். ரேடியல் டயரின் நடுப்பகுதியில் ஸ்டீல் கம்பி வலை இருக்கும், வெட்டிய ஓரத்தில் அது நீட்டிக்கொண்டு லோடு ஏற்றும் ஆட்களின் காலைக் கிழிக்கும்.

லோடு ஏற்றும் ஆட்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் பம்பர் வளைந்ததெல்லாம் இடித்து அல்ல, மிதித்து. ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் பம்பர் மேல் ஏறினால் நூறு கிலோவுக்கு மேல் இறங்குகிறது, நாள் முழுக்க. குறுக்குக் கட்டைக்கு அடியில் ஒரு சி சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) துண்டைத் தாங்கலாகக் கொடுத்த பிறகு வளைவது நின்றது. கோஸ் இலையும் தண்ணீரும் கிடக்கும் இடத்தில் ரப்பர் மேல் கால் வழுக்காது என்பது அவர்களே சொன்ன லாபம்.

குறை என்றால் துரு. ரப்பருக்கும் பம்பருக்கும் நடுவில் சேறும் ஈரமும் தங்கி உள்ளே அரிக்கும், வெளியே தெரியவே தெரியாது. வாளையார் பக்கம் மழை தொடங்கும் முன் கழற்றித் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிடுவேன். இன்னொன்று, ரிவர்ஸ் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ரப்பரே தடையாகத் தெரிந்து சும்மா சும்மா கத்தும். சென்சாரை வெளியே தள்ளி வைக்க வேண்டும். சென்சாரைவிட எனக்குக் கேமராதான் பிடித்தது. மெலிந்த கம்பியைச் சென்சார் பல நேரம் கண்டுகொள்வதில்லை.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சரக்கு வண்டிகளுக்கு விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயிண்ட் எல்லாம் சாதாரண பாலிசியில் வராது. ஐஎம்டி 23 (IMT 23) என்ற கூடுதல் சேர்க்கைக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உண்டு. கட்டியிருந்தாலும் சின்ன விளக்குக்குக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்சி சோதனையில் இதுவரை ரப்பரைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. விளக்கு, பிளேட், சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மூன்றும் மறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். நடுக் கட்டை இப்போது மிதிபட்டுத் தேய்ந்துவிட்டது. அது இடி வாங்குவது குறைவு, படியாகத்தான் பயன்படுகிறது. அதனால் அந்த இடத்துக்கு மட்டும் இந்த முறை நைலான் டயர் பட்டையே போடப் போகிறேன்.